தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கில் பிழை: டிசம்பர் 31-க்குள் என்ன செய்யலாம்?

மாதச்சம்பளம் | 22 நவம்பர் 2025, இரவு 10.40

செப்டம்பர் 12-ஆம் தேதி ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் கணக்குத் தாக்கல் செய்தேன். அன்றே ஆதார் ஓ.டி.பி. போட்டுச் சரிபார்த்தும்விட்டேன். அதோடு அதை மறந்துபோனேன்.

இன்று வேறொரு வேலையாகப் போர்ட்டலுக்குள் போனவன், ஆண்டுத் தகவல் அறிக்கையைச் சும்மா திறந்து பார்த்தேன். நிரந்தர வைப்புக்கு 48,000 ரூபாய் வட்டி, அதில் 4,800 ரூபாய் வரிப் பிடித்தம் என்று நிற்கிறது. தாக்கல் செய்த கணக்கை எடுத்து ஒப்பிட்டேன். பிடித்தம் 4,800 இருக்கிறது, வட்டியைக் காணவில்லை. அதாவது, வந்த வட்டியைச் சொல்லாமல், அதற்குப் பிடித்த வரியை மட்டும் திருப்பித் தாருங்கள் என்று கேட்டு வைத்திருக்கிறேன். படிவத்தில் முன்கூட்டியே நிரம்பி வந்த வட்டியை நானே அழித்தேனா, அது வரவே இல்லையா என்பதுகூட நினைவில்லை.

விவரம்: சம்பளம் 13,25,000. நிலைக்கழிவு 75,000 போக 12,50,000. புதிய வரிமுறை. நிறுவனம் பிடித்த வரி 93,600, அது சரியாகவே இருக்கிறது. ரீஃபண்டு கேட்டது 4,800. கணக்குச் சரிபார்க்கப்பட்டுவிட்டது, பரிசீலனை இன்னும் முடியவில்லை என்று போர்ட்டல் காட்டுகிறது.

இதைத் திருத்த முடியுமா? 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்ட வேண்டுமா? திருத்தப் போய் நாமாகவே நோட்டீஸை வீட்டுக்கு அழைத்து வந்ததாக ஆகிவிடுமா?

விட்டுத்தள்ளு | 22 நவம்பர், இரவு 11.15

48,000 ரூபாய்க்கு இவ்வளவு பதற்றமா? கோடிக்கணக்கில் ஏய்ப்பவர்களை விட்டுவிட்டு உங்களைத் தேடியா வரப்போகிறார்கள்? நான் சேமிப்புக் கணக்கு வட்டியைப் பத்து ஆண்டுகளாகக் காட்டியதில்லை. ஒரு கடிதம் வந்ததில்லை. தூங்குங்கள்.

பேரேடு | 23 நவம்பர், காலை 6.05

மாதச்சம்பளம் தம்பிக்கு: திருத்தலாம். கட்டணம் கிடையாது. 5,000 ரூபாய் என்பது 234எஃப் பிரிவின்படி, குறித்த தேதிக்குள் கணக்கே தராதவர்களுக்கு. நீங்கள் செப்டம்பர் 12-இலேயே தந்துவிட்டீர்கள். இந்த ஆண்டுக் கடைசித் தேதி ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளி, அந்த இரவில் மறுபடி ஒரு நாள் நீட்டி 16-இல்தான் முடிந்தது. ஆக நீங்கள் நேரத்துக்குத் தந்தவர்.

139(5) பிரிவில் திருத்திய கணக்குத் தாக்கல் செய்யுங்கள். டிசம்பர் 31 வரை அவகாசம், அல்லது மதிப்பீடு முடியும் வரை. எது முந்தியதோ அது. எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது சட்டம். அதற்காக வாரம் ஒன்று போடாதீர்கள்.

விட்டுத்தள்ளு நண்பருக்கு: பத்து ஆண்டுக் கதை சொல்கிறீர்கள். ஆண்டுத் தகவல் அறிக்கை வந்ததே 2021 நவம்பரில்தான். அதற்கு முன் உங்கள் வட்டி வங்கிக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. இப்போது துறையின் திரையில் உங்களுக்கு முன்பே தெரிகிறது. இந்தத் தம்பியின் நிலையோ இன்னும் மோசம்: வருமானத்தைக் காட்டாமல் அதற்கான பிடித்தத்தை மட்டும் கேட்டால், கணக்கு குறைபாடுள்ளது என்று 139(9) பிரிவில் நோட்டீஸ் வருவதற்கு அதுவே போதும். பதில் தர 15 நாள்தான். அது வரும்வரை தூங்கச் சொல்கிறீர்கள்.

தானாகத் திருத்தினால் கூடுதல் வரியோடு போகும். துறை கண்டுபிடித்தால் 270ஏ பிரிவு இருக்கிறது. குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம் அபராதம். திரித்துக் காட்டியது என்று முடிவு செய்தால் 200 சதவீதம். சேமிப்புக் கணக்கு வட்டியும் இதில் சேர்த்திதான்.

மாதச்சம்பளம் | 23 நவம்பர், காலை 8.30

மிக்க நன்றி ஐயா. இரவு முழுக்கத் தூக்கமில்லை. எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு தொகை வருகிறது. 234ஏ, 234பி, 234சி என்று மூன்று வட்டிகள் இருப்பதாகப் படித்ததும் கைவிட்டுவிட்டேன்.

பேரேடு | 23 நவம்பர், காலை 9.20

மூன்றும் உங்களுக்கு இல்லை. வாருங்கள், ஒவ்வொன்றாகப் போடுவோம்.

பழைய வருமானம் 12,50,000. வட்டி 48,000 சேர்த்தால் 12,98,000. 12 லட்சத்துக்கு மேல் 15 லட்சம் வரை இந்த மதிப்பீட்டு ஆண்டில் 20 சதவீதம். ஆகவே கூடுதல் வரி 9,600. அதன்மேல் 4 சதவீதம் செஸ் 384. மொத்தம் 9,984. வங்கி பிடித்தது 10 சதவீதம்தான், 4,800. மீதி 5,184. பத்தின் மடங்காக்கினால் 5,180 ரூபாய்.

முதல் கணக்கு நேரத்தில் வந்துவிட்டதால் 234ஏ இல்லை. பிடித்தம் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் முன்கூட்டிய வரி கட்டும் கடமையே இல்லை. எனவே 234பி, 234சி இரண்டும் இல்லை. உங்களுக்குத் தொகை மாறி மாறி வந்ததற்குக் காரணம், ஒருமுறை பிடித்தத்தைக் கழித்திருப்பீர்கள், ஒருமுறை மறந்திருப்பீர்கள். எல்லோரும் விழும் குழிதான் இது: வங்கிதான் பிடித்துவிட்டதே, இனி என்ன வரி என்று நினைப்பது. வங்கிக்கு உங்கள் சம்பளம் தெரியாது. அது பத்து சதவீதம் பிடிக்கும். நீங்கள் இருபதில் நிற்கிறீர்கள்.

முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு கணக்கைத் திருத்துங்கள். சலானில் மதிப்பீட்டு ஆண்டு 2025-26. வகை, சுயமதிப்பீட்டு வரி, எண் 300. ரசீதில் வங்கிக் கிளையின் ஏழிலக்க பி.எஸ்.ஆர். குறியீடும் ஐந்திலக்கச் சலான் எண்ணும் இருக்கும். இரண்டையும் தேதியோடு கணக்கில் ஏற்ற வேண்டும்.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் எழுத ஆசை. திருத்திய கணக்கு என்பது விட்டுப்போனதை மட்டும் எழுதி அனுப்பும் துண்டுச்சீட்டு அல்ல. அது போய்ச் சேர்ந்ததும் பழைய கணக்கு செல்லாததாகிவிடும். சம்பளம், கழிவுகள், பிடித்தங்கள், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முழுதாக மறுபடி நிரப்ப வேண்டும். வட்டி 48,000 மட்டும் எழுதி, சம்பளத்தைக் காலியாக விட்டு அனுப்பிய ஒருவருடைய கணக்கை நான் உட்கார்ந்து சரிசெய்திருக்கிறேன். அவருக்கு 90 ஆயிரத்துச் சொச்சம் ரீஃபண்டு வரப்போவதாகத் திரை காட்டியதாம். மகிழ்ச்சியோடு வந்து சொன்னார்.

கடைசிநாள் | 23 நவம்பர், காலை 11.45

இந்த இழையைப் படித்துவிட்டு என் கணக்கைப் போய்ப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது. செப்டம்பர் 15 இரவு 11 மணிக்குத் தாக்கல் செய்தேன். ஓ.டி.பி. வரவில்லை. "பிறகு சரிபார்க்கிறேன்" என்பதை அழுத்திவிட்டுப் படுத்தவன், இன்று வரை சரிபார்க்கவே இல்லை. பழைய வரிமுறையில் வாடகைப்படி, காப்பீடு எல்லாம் காட்டியிருக்கிறேன். இப்போது சரிபார்த்தால் ஏற்றுக்கொள்வார்களா? கணக்கை அழித்துவிடும் வசதி ஒன்று இருக்கிறதே, அதை அழுத்திவிட்டுப் புதிதாகப் போடலாமா?

பேரேடு | 23 நவம்பர், பிற்பகல் 1.10

அதை அழுத்தாதீர்கள்! எழுதி முடிக்கும்வரை சுட்டியிலிருந்து கையை எடுங்கள்.

சரிபார்க்காத கணக்கை அழிக்கும் வசதி 2023-24 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இருக்கிறது. நல்ல வசதிதான், கடைசித் தேதிக்கு முன்னால் இருப்பவர்களுக்கு. தேதி போன பிறகு அழித்தால், நீங்கள் கணக்கே தராதவர். புதிதாகத் தருவது தாமதக் கணக்கு. 5,000 ரூபாய் கட்டணம் ஒருபுறம், அதைவிடப் பெரிய இழப்பு மறுபுறம்: தாமதக் கணக்கில் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. வாடகைப்படி, காப்பீடு எல்லாம் போய்விடும்.

இப்போது சரிபார்த்தாலும் சிக்கல் உண்டு. தாக்கல் செய்த நாளிலிருந்து 30 நாளுக்குள் சரிபார்த்தால்தான் தாக்கல் தேதி செல்லும். அதற்குப் பிறகு என்றால் சரிபார்த்த தேதியே தாக்கல் தேதி. முன்பு 120 நாள் தந்தார்கள். 2022 ஆகஸ்டில் முப்பதாகக் குறைத்துவிட்டார்கள்.

உங்களுக்கு இருக்கும் வழி, சரிபார்ப்பில் ஏற்பட்ட தாமதத்தைப் பொறுத்தருளும் கோரிக்கை. போர்ட்டலிலேயே சேவைக் கோரிக்கைகளில் இருக்கிறது. காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். ஏற்றுக்கொண்டால் பழைய தேதி நிலைக்கும். ஏற்பார்களா என்று நான் வாக்குத் தர முடியாது. ஆனால் கேட்காமல் விட்டால் கிடைக்காது என்பது உறுதி.

அப்பாவின்மகள் | 23 நவம்பர், மாலை 5.30

ஐயா, எங்கள் பிரச்சினை வேறு மாதிரி. அப்பா ஓய்வூதியர். அவருடைய கணக்கை நான்தான் போடுகிறேன். செப்டம்பர் 10-ஆம் தேதி 18,200 ரூபாய் சுயமதிப்பீட்டு வரி கட்டி, சலான் எண்ணும் கணக்கில் ஏற்றினேன். போன வாரம் 143(1) பிரிவில் அறிவிப்பு வந்திருக்கிறது. நாங்கள் வரியே கட்டவில்லையாம். 18,200 ரூபாயும் அதன்மேல் வட்டியும் நிலுவையாம். அப்பா அந்தத் தாளை அச்செடுத்து வைத்துக்கொண்டு, "நாற்பது வருடம் வேலை பார்த்தவனை வரி ஏய்ப்பவன் ஆக்கிவிட்டாயே" என்கிறார். இன்றே கட்டிவிடு என்று நச்சரிக்கிறார்.

சலானின் படத்தை இணைத்திருக்கிறேன்.

நெறியாளர் | 23 நவம்பர், மாலை 5.52

சலானில் பான் எண் முழுதாகத் தெரிந்ததால் படத்தை நீக்கியிருக்கிறேன். யாரும் பான் எண், ஒப்புகை எண், வங்கி விவரம் எதையும் இங்கே போடாதீர்கள். மற்றபடி உரையாடல் தொடரட்டும்.

பேரேடு | 23 நவம்பர், மாலை 6.40

நீக்குவதற்கு முன் பார்த்துவிட்டேன் அம்மா. சலானில் மதிப்பீட்டு ஆண்டு 2024-25 என்று இருக்கிறது. 2025-26 என்று இருந்திருக்க வேண்டும். சம்பாதித்த ஆண்டு 2024-25, மதிப்பீட்டு ஆண்டு 2025-26. பெட்டியில் ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போது, சம்பாதித்த ஆண்டின் மேல் விரல் தானாகப் போய்விடும். இந்த இரட்டை ஆண்டுக் கணக்கால் குழம்பாத குடும்பம் இல்லை. 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் "வரி ஆண்டு" என்று ஒன்றே ஒன்றுதான். தாமதமாக வந்த ஞானம்.

மறுபடி கட்டாதீர்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், பணம் அரசிடம்தான் இருக்கிறது, பக்கத்து அறையில் வைத்துவிட்டார்கள் என்று. கணக்கில் பிழை இல்லை, எனவே திருத்திய கணக்கும் வேண்டாம். செய்ய வேண்டியவை இரண்டு.

ஒன்று, சலானைத் திருத்துவது. கட்டிய ஏழு நாளுக்குள் என்றால் போர்ட்டலிலேயே மதிப்பீட்டு ஆண்டை மாற்றியிருக்கலாம். அது போய்விட்டது. இனி உங்கள் பகுதி மதிப்பீட்டு அலுவலருக்குச் சலான் நகலோடு எழுத வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். காகிதக் காலத்துப் பழக்கம் என்று சிரிப்பார்கள். அந்த முத்திரைதான் பின்னால் பேசும்.

இரண்டு, அவர் ஆண்டை மாற்றி, அப்பா பெயரில் கட்டிய வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் அது தெரிந்த பிறகு, 154 பிரிவில் பிழைதிருத்தக் கோரிக்கை போடுவது. கணக்கை மீண்டும் பரிசீலியுங்கள் என்ற தேர்வு போதும். 26ஏஎஸ்-இல் வருவதற்கு முன்பே அவசரப்பட்டுப் போட்டால் அதே பதில்தான் திரும்பி வரும். இதற்கு டிசம்பர் 31 என்ற கெடு கிடையாது. உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டு, அதாவது 2030 மார்ச் 31 வரை. இதற்கிடையே நிலுவைக் கோரிக்கைக்குப் போர்ட்டலில் "உடன்படவில்லை" என்று காரணத்தோடும் சலான் விவரத்தோடும் பதில் போட்டுவிடுங்கள். சும்மா விட்டால் அடுத்த ஆண்டு ரீஃபண்டில் பிடித்துக்கொள்வார்கள்.

அப்பாவின்மகள் | 23 நவம்பர், இரவு 7.15

பக்கத்து அறை உதாரணத்தைச் சொன்னேன். "அப்படியானால் சாவி யாரிடம்?" என்று கேட்கிறார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார் என்பதே இப்போதைக்குப் போதும். மிக்க நன்றி ஐயா.

கூட்டல்கழித்தல் | 24 நவம்பர், காலை 7.50

எனக்கு நேர்மாறான பிழை. ஜூலையிலேயே பழைய வரிமுறையில் தாக்கல் செய்துவிட்டேன். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 22,000 ரூபாயை 80டி-யில் காட்ட மறந்துவிட்டேன். நான் 20 சதவீத அடுக்கில் இருக்கிறேன். கணக்குப் பரிசீலனை முடிந்து 143(1) அறிவிப்பும் வந்துவிட்டது. பரிசீலனை முடிந்த பிறகு திருத்த முடியாது, 154-தான் போட வேண்டும் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

சிவப்புமை | 24 நவம்பர், காலை 9.05

உங்கள் நண்பர் சொல்வது சரிதானே? "மதிப்பீடு முடியும் வரை" என்று பேரேடு ஐயாவே மேலே எழுதியிருக்கிறார். 143(1) வந்துவிட்டால் மதிப்பீடு முடிந்ததாகத்தானே பொருள்?

பேரேடு | 24 நவம்பர், காலை 10.00

நல்ல கேள்வி. ஆனால் அப்படிப் பொருள் இல்லை. 143(1) என்பது இயந்திரம் கூட்டிக் கழித்து அனுப்பும் அறிவிப்பு. மதிப்பீடு என்பது அலுவலர் உட்கார்ந்து ஆராய்ந்து போடும் உத்தரவு. இரண்டும் வேறு என்று ராஜேஷ் ஜவேரி ஸ்டாக் புரோக்கர்ஸ் வழக்கில் 2007-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே அறிவிப்பு வந்த பிறகும், ரீஃபண்டு வங்கிக்கு வந்த பிறகும்கூட, டிசம்பர் 31 வரை திருத்திய கணக்குப் போடலாம். வந்த ரீஃபண்டு கூடுதல் என்று ஆனால் அது திரும்பப் போக வேண்டும், அவ்வளவுதான்.

154 இவருக்கு உதவாது. பதிவுகளைப் பார்த்தாலே தெரியும் பிழைக்குத்தான் அது: கூட்டல் தவறு, கட்டிய வரியைக் கணக்கில் எடுக்காதது போன்றவை. நீங்கள் கேட்கவே மறந்த கழிவு அவர்கள் பதிவில் எங்கே இருக்கிறது? அதைத் திருத்திய கணக்கில்தான் கேட்க வேண்டும். பாலிசி எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், படிவம் கேட்கும். 22,000-க்குச் செஸ்ஸோடு 4,576 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும்.

தேதியைத் தவறவிடாதீர்கள். டிசம்பர் 31 போய்விட்டால் உங்கள் வகைப் பிழைக்குப் போர்ட்டலில் வேறு கதவு கிடையாது. 119(2)(பி) பிரிவில், தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும் என்று மனுப்போட்டு, உண்மையான இடர்ப்பாடு இருந்ததாக நிரூபிக்க வேண்டும். 4,576 ரூபாய்க்கு அதைச் செய்யும் பொறுமை உள்ளவர்களை நான் கண்டதில்லை.

விட்டுத்தள்ளு | 24 நவம்பர், காலை 10.40

எல்லோரையும் எதற்கு டிசம்பர் 31 என்று பயமுறுத்துகிறீர்கள்? புதுப்பிக்கப்பட்ட கணக்கு, ஐ.டி.ஆர்.-யு என்று ஒன்று இருக்கிறதே. அதற்கு நான்கு ஆண்டு அவகாசம். நிதானமாகப் போடலாம்.

பேரேடு | 24 நவம்பர், முற்பகல் 11.30

பாதி விஷயம் பொய்யைவிட ஆபத்து.

139(8ஏ) பிரிவு 2022-இல் வந்தது. அப்போது மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 24 மாதம். இந்த ஆண்டு 48 மாதமாக்கினார்கள். உண்மை. ஆனால் அதில் வரியைக் கூட்டத்தான் முடியும். ரீஃபண்டு கேட்கவோ கூட்டவோ முடியாது, வரியைக் குறைக்க முடியாது, நட்டம் காட்ட முடியாது. கூட்டல்கழித்தல் நண்பருக்கு அது பூட்டிய கதவு.

மாதச்சம்பளம் தம்பிக்குத் திறக்கும், நுழைவுக் கட்டணத்தோடு. முதல் 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் 25 சதவீதம், அடுத்த ஆண்டு 50, பிறகு 60, கடைசி ஆண்டில் 70. இன்று 5,180 ரூபாயில் முடிவதை, ஜனவரிக்குப் பிறகு 1,300 ரூபாய் போல மேலே வைத்துத்தான் முடிக்க முடியும்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். அரசுக்கு நாம் தர வேண்டியதை நினைவுபடுத்திக்கொள்ள நான்கு ஆண்டு. அரசு நமக்குத் தர வேண்டியதை நினைவுபடுத்திக்கொள்ள டிசம்பர் 31 வரை. இரண்டும் மறதிதான். ஒன்றுக்கு மட்டும் நான்கு ஆண்டு பெரிய மனது.

சிவப்புமை | 24 நவம்பர், பிற்பகல் 12.20

கடைசிப் பத்திக்கு முழு ஆதரவு. கேட்காமலே நான் ஒன்று சேர்க்கிறேன். ரீஃபண்டுக்கான வங்கிக் கணக்கு மூடிவிட்டது என்பதற்காக யாரும் கணக்கைத் திருத்த வேண்டாம். புதிய வங்கிக் கணக்கைப் போர்ட்டலில் சரிபார்த்து, ரீஃபண்டை மீண்டும் அனுப்பும்படி கேட்டால் போதும். என் மைத்துனர் இதற்காக மூன்று திருத்திய கணக்குகள் போட்டார்.

பங்குக்காரன் | 24 நவம்பர், மாலை 4.00

எங்கள் நிறுவனத்தின் வெளிநாட்டுத் தாய் நிறுவனப் பங்குகள் கொஞ்சம் எனக்குத் தந்திருக்கிறார்கள். விற்கவில்லை, ஈவுத்தொகையும் வரவில்லை. பங்கு கைக்கு வந்தபோதே அதன் மதிப்பைச் சம்பளத்தில் சேர்த்து வரி பிடித்துவிட்டார்கள். அதனால் ஐ.டி.ஆர்.-1 போட்டேன். வருமானமே வராத ஒன்றை எதற்காகக் காட்ட வேண்டும்?

பேரேடு | 24 நவம்பர், மாலை 5.10

காட்ட வேண்டும். அது வருமானத்துக்கான பகுதி அல்ல, சொத்துக்கான பகுதி. இந்தியாவில் வசிப்பவராக வரி செலுத்தும் ஒருவர், வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் ஐ.டி.ஆர்.-1 போடக் கூடாது. ஐ.டி.ஆர்.-2-இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். அதில் ஆண்டுக் கணக்கும் மாறும்: நிதியாண்டு அல்ல, 2024 டிசம்பர் 31-இல் முடிந்த நாட்காட்டி ஆண்டு.

காட்டாவிட்டால் கருப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்கு மிகாதவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து அந்த அபராதம் இல்லை. அபராதம் இல்லை என்பதால் காட்டும் கடமை இல்லை என்று படித்துவிடாதீர்கள்.

திருத்தும்போது படிவத்தையும் மாற்றலாம். முதலில் ஐ.டி.ஆர்.-1 போட்டவர் திருத்திய கணக்கை ஐ.டி.ஆர்.-2-இல் தரலாம். தடை ஏதும் இல்லை.

பங்குக்காரன் | 24 நவம்பர், மாலை 5.25

10 லட்சம் என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த வரியைப் படித்த பிறகுதான் உட்கார்ந்தேன். இந்த வாரமே போட்டுவிடுகிறேன்.

மாதச்சம்பளம் | 29 நவம்பர், இரவு 9.20

முடித்துவிட்டேன். பின்னால் வருபவர்களுக்காக எங்கே தடுக்கியது என்று எழுதுகிறேன்.

புதன்கிழமை 5,180 ரூபாய் கட்டினேன். ஆண்டுப் பெட்டியில் என் விரலும் 2024-25 பக்கம்தான் போனது. அப்பாவின்மகள் சகோதரியை நினைத்து நிறுத்தினேன்.

கணக்கைத் தொடங்கும்போது எந்தப் பிரிவில் தாக்கல் செய்கிறீர்கள் என்று கேட்கும். முன்பே தேர்வாகி நின்றது 139(1). கவனிக்காமல் போயிருந்தால் அதிலேயே போயிருப்பேன். 139(5) என்று மாற்றியதும் பழைய கணக்கின் 15 இலக்க ஒப்புகை எண்ணும் தாக்கல் தேதியும் கேட்டது. பழைய ஒப்புகைச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற வருமானப் பகுதியில் வைப்பு வட்டி 48,000 சேர்த்தேன். அப்போதுதான் சேமிப்புக் கணக்கு வட்டியும் விட்டுப்போனது தெரிந்தது. 2,150 ரூபாய். புதிய வரிமுறையில் அதற்கு 80டிடிஏ கழிவும் இல்லை. ஆக இன்னும் 450 ரூபாய்க்குத் தனிச் சலான். ஐயாவிடம் வைப்பு வட்டியை மட்டும் சொல்லிக் கணக்குப் போடச் சொன்னது என் தப்பு.

கடைசியில் கட்ட வேண்டியது பூஜ்யம் என்று வந்த பிறகுதான் அனுப்பினேன். ஓ.டி.பி. போட்டு அப்போதே சரிபார்த்தேன். திருத்திய கணக்குக்கும் தனியாகச் சரிபார்ப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. முதல் கணக்குக்குச் செய்தது இதற்குச் செல்லாது.

பேரேடு | 30 நவம்பர், காலை 6.15

2,150-க்கு 20 சதவீதம் 430, செஸ் 17 சொச்சம், 447. முன்பு நான்கு ரூபாய் பின்னத்தில் விட்டோம். இரண்டும் சேர்ந்து 5,631, மடங்காக்கினால் 5,630. 5,180-உம் 450-உம் சேர்ந்தால் அதேதான். சரியாக இருக்கிறது.

இந்த இழையில் சேமிப்பு வட்டியைப் பற்றி விட்டுத்தள்ளு நண்பர்தான் முதலில் பேசினார். அதற்காகவேனும் அவருக்கு ஒரு நன்றி.

விட்டுத்தள்ளு | 30 நவம்பர், காலை 8.00

என் சேமிப்பு வட்டியை நேற்றிரவு பார்த்தேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம். மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள். 139(5) எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைசிநாள் | 9 டிசம்பர், மாலை 6.30

கணக்கைச் சரிபார்த்து, பொறுத்தருளும் கோரிக்கையும் போட்டேன். இன்னும் பதில் இல்லை. தினமும் காலையில் போர்ட்டலைத் திறந்து பார்ப்பது பல் துலக்குவதுபோல ஆகிவிட்டது.

அப்பாவின்மகள் | 12 டிசம்பர், பிற்பகல் 2.10

மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அப்பாவும் வந்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். நகலில் முத்திரை கேட்டபோது அங்கிருந்த இளைஞர் சற்று வியப்போடு பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். அப்பாவுக்கு அதில் பெரிய திருப்தி. அந்தத் தாளைப் பத்திரமாக இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். சலான் இன்னும் 26ஏஎஸ்-இல் மாறவில்லை. மாறாமல் 154 போட மாட்டேன் ஐயா, நினைவிருக்கிறது.

மாதச்சம்பளம் | 18 டிசம்பர், இரவு 10.05

திருத்திய கணக்குக்கு 143(1) அறிவிப்பு வந்துவிட்டது. நிலுவை இல்லை, ரீஃபண்டு இல்லை.

ஆனால் ஐயா, சும்மா இருக்க முடியாமல் அதற்கு முந்தைய மதிப்பீட்டு ஆண்டு 2024-25 கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டு வந்த ரீஃபண்டோடு 400 ரூபாய் வட்டியும் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். அதற்கும் வரி உண்டாமே? நான் காட்டவில்லை. அப்போது 15 சதவீத அடுக்கில் இருந்தேன்.

பேரேடு | 19 டிசம்பர், காலை 6.00

உண்டு தம்பி. ரீஃபண்டுக்கு வரி இல்லை, அதன்மேல் தரும் வட்டிக்கு உண்டு. அந்த ஆண்டுக்குத் திருத்திய கணக்கின் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஐ.டி.ஆர்.-யு மட்டும்தான். வரி செஸ்ஸோடு 62 ரூபாய் 40 காசு, 25 சதவீத மேல்வரி 15 ரூபாய் 60 காசு. மொத்தம் 78, மடங்காக்கினால் 80 ரூபாய். மார்ச் 31-க்குள் போடுங்கள், பிறகு என்றால் மேல்வரி 50 சதவீதம்.

அதற்கு முந்தைய ஆண்டை இப்போதைக்குத் திறக்காதீர்கள். கொஞ்ச நாள் நன்றாகத் தூங்குங்கள்.